அரைப்பொருத்தம்

ஏழிசை கேபிள் அலுவலகத்தில் சுடர்விழியின் மேஜைமேல் அன்று காலை மூன்று கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு தட்டு மைசூர்பாகும் இருந்தன. மூன்றிலும் முதல் வரியில் குலதெய்வத்தின் பெயர். அதற்கு அடுத்த வரியில், ‘ஏழிசை கேபிள் நிறுவனத்தாரின் நல்லாசியுடன்’. ஈரோட்டில் இப்போதெல்லாம் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள்.

நாட்டில் இணைப்பில்லாத வீடே இல்லை என்று ஆகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. ஏழிசையின் சந்தாதாரரைப் போட்டி நிறுவனமான நெடுவானம் பறித்தது. நெடுவானத்தின் சந்தாதாரரை ஏழிசை பறித்தது. யாரும் வளரவில்லை. வளர வேண்டுமென்றால் புதிய வீடுகள் வேண்டும். புதிய வீடுகள் வேண்டுமென்றால் கல்யாணங்கள் நடக்க வேண்டும். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் மணப்பொறி.

ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியின் நெற்றியிலும் இமைநோக்கி என்ற சின்னக் கண் இருந்தது. பார்ப்பவர் எந்த வசனத்துக்குச் சிரிக்கிறார், எங்கே கண் கலங்குகிறார், எங்கே சலித்துப்போய்ச் செல்பேசியை எடுக்கிறார் என்று அது குறித்துக்கொள்ளும். மணப்பொறி அதை லட்சக்கணக்கான பேரோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று பொருத்தம் போட்டு ஒருவரைக் காட்டும். ஜாதகத்தில் பொய் சொல்லலாம். சம்பளத்தில் பொய் சொல்லலாம். தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பவர் யாருக்காக நடிப்பார்? வரன் தேடிக் களைத்த பெற்றோர்கள் ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

சுடர்விழியும் அந்த நன்றிக்கூட்டத்தில் ஒருத்திதான். நான்கு வருடங்களுக்கு முன் பொறி அவளுக்குப் பூவரசனைக் காட்டியது. பொருத்தம் தொண்ணூற்று நான்கு.

மண்டல மேலாளர் ரெஜினா தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

“தொண்ணூறுக்கு மேல பொருத்தம் உள்ள ஜோடியெல்லாம் இணைப்பை வெட்டிட்டுப் போறாங்க, சுடர். ஏன்னு கேட்டா, பேசிக்கவே நேரம் பத்தலையாம்.”

“நெடுவானத்துலயும் அப்படித்தானா மேடம்?”

“அவங்க பொறி மட்டம். ஒட்டாத ஜோடியாப் பாத்து ஒட்ட வைக்குது. எந்த சானல்னு தினம் சண்டை. கடைசியில வீட்டுக்கு ரெண்டு பெட்டி! ஒருத்தரும் விலகறதில்ல.” ரெஜினா பெருமூச்சு விட்டாள். “இனிமே நாமளும் அரைப்பொருத்தம்தான். தலைமை அலுவலகத்து முடிவு. நாலு வருசத்துக்கு முன்னாலயே நம்ம ஊருல சில ஜோடிகளை அப்படிச் சேத்துப் பாத்துட்டாங்க. பொறி நாப்பத்தேழுன்னு சொல்லுச்சு. அவங்களுக்குச் சொன்னது வேற.”

“என்ன சொன்னாங்க?”

ரெஜினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எல்லாருக்கும் ஒரே எண்தான். தொண்ணூத்தி நாலு. நேத்துதான் எனக்கே தெரியும். வெளிய ஆராவது சொல்றதுக்கு முன்னால நான் சொல்லிடலாம்னு…”

சுடர்விழி எழுந்து வந்து மறுபடி தன் இருக்கையில் உட்கார்ந்தாள். மைசூர்பாகு தட்டை யாரோ காலி செய்திருந்தார்கள்.

அவளுக்குத் தன்னைப் பற்றிய கவலை இல்லை. பூவரசனை நினைத்துத்தான் பயம். செவ்வாய் தோஷம் என்று வீடு வீடாகத் தள்ளப்பட்டவன் அவன். ‘உனக்கும் ஒருத்தி பொருந்துவாள்’ என்று அவனிடம் முதலில் சொன்னது அந்த எண்தான். தான் வேலை பார்க்கும் மஞ்சள் ஏலக்கூடத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அதைச் சொல்லி மகிழ்வான். கல்யாண நாளில் அவளுக்கு வாங்கும் மல்லிகையில் ஒரு முழம் பெட்டிக்கும் உண்டு. அந்த எண் பொய் என்றால் அவனுக்கு என்ன மிஞ்சும்?

மாலையில் வழக்கமான சண்டை தொடங்கியது. அவளுக்குக் கொலைவழக்குத் துப்பறியும் தொடர். அவனுக்குக் குழந்தைகள் பாட்டுப் போட்டி. அதைப் பார்த்து அழவேண்டும்.

“தொண்ணூத்தி நாலே இந்தப் பாடுன்னா, மிச்ச ஆறு எப்பிடி இருக்கும் அம்மிணி?” என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டாள்; ஒன்றையும் மறைக்காமல்.

பூவரசன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் அதன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். சமையலறைக்குள் போனான். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

இரண்டு டம்ளர் காப்பியோடு திரும்பி வந்தான்.

“நாப்பத்தேழுதானா?”

“ஆமாங்க.”

“அதை வெச்சுக்கிட்டா நாலு வருசம் இவ்வளவு நல்லா ஓட்டியிருக்கோம்?” அவன் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினான். “அப்ப மிச்சத்தை ஆரு போட்டது?”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, “சர்க்கரையே போடலீங்களே,” என்றாள்.

“வேணும்னா எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்க. எல்லாத்தையும் நானேவா போடறது?”

அன்று அவர்கள் ரசத்துக்கு எத்தனை பல் பூண்டு என்று தொடங்கி, முதல் குழந்தைக்கு என்ன பெயர் என்பதுவரை சண்டை போட்டார்கள். பெட்டியின் நினைவே வரவில்லை.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. கையில் பூங்கொத்தோடு நெடுவானத்தின் விற்பனையாளன் நின்றான். சட்டையில் ஜோயல் என்று பெயர் இருந்தது.

“மேடம், மனசைத் தளர விடாதீங்க. உங்களுக்கு ஏத்த வரன் எங்ககிட்ட இருக்கு.”

“எனக்கா?”

“அரைப்பொருத்த வீட்டுல பெட்டி அணைஞ்சா பிரிஞ்சுட்டாங்கன்னு அர்த்தமுங்க. ஏழிசைப் பெட்டியா இருந்தாலும் எங்க பொறி மோப்பம் பிடிச்சு உடனே விலாசம் குடுத்துடும்.”

அவன் முடிப்பதற்குள் படியேறி ஒரு பெண் வந்தாள். கையில் பழத்தட்டு. ஏழிசையின் களப்பணியாளர், பெயர் வெண்பா, புதிதாகச் சேர்ந்தவள். பூவரசனுக்கு வேறொரு பெண்ணின் விவரம் கொண்டுவந்திருந்தாள்.

பூவரசன் உள்ளேயிருந்து லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். “ரெண்டு பேரும் உள்ள வாங்க. சம்பந்தம் பேச வந்தவங்களை வாசல்லயா நிக்க வைக்கறது?”

உயிரில்லாத பெட்டிக்கு எதிரே இருவரும் ஒரே சோபாவில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். இவர்கள் பிரியவில்லை என்று தெரிந்ததும் நெளிந்தார்கள்.

“உனக்குக் கல்யாணம் ஆச்சா தம்பி?” என்றான் பூவரசன்.

“இல்லீங்க. பொறிக்கு நான் பிடிபடலை. நான் டிவி பாக்கறதில்ல. பகலெல்லாம் அதை வித்துட்டு, வீட்டுக்குப் போயும் அதையேவா?”

வெண்பா களுக்கென்று சிரித்துவிட்டாள். “நான் பெட்டி மேல துண்டைப் போட்டு மூடிட்டேன்.” உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். “ஆனா பெருந்துறை ரோட்டுல எங்க ஆளுங்களை இழுத்தது நீங்கதானே?”

“இழுத்தனா? அவங்களா வந்தாங்க. மழை பேஞ்சா உங்க படம் நின்னுபோகுது.”

“எங்க படம் நிக்குதா? உங்களுக்குச் சத்தமே முந்தி வருது, வாய் பொறவுதான் அசையுது!”

பேச்சு நிற்கவில்லை. இருவரும் சோபாவின் நடுப்பக்கம் நகர்ந்து வந்திருந்தார்கள்.

சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப்பார்த்த பூவரசன் மனைவியின் காதில் கேட்டான்: “எத்தனை தேறும்?”

“நாப்பது தாண்டாது.”

“தாராளம்,” என்று அவன் இன்னும் கொஞ்சம் பாலை அடுப்பில் வைத்தான்.