முடித்து வைக்க ஒரு கிதார்

ஹெரெஸ் ஊர் வெயிலில் கிதார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாட்டு மன்றத்துக்குள் நுழைந்தபோதே எனக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. பழைய ஒயின் கிடங்கு அது. ஈர மண்ணும் புளித்த பீப்பாயும் மணத்தன. ஊருக்கெல்லாம் பாட்டு, எனக்கு விரல்வலி. இன்றோடு கடையைக் கட்டிவிடுவது என்றிருந்தேன். அம்பாரோவுக்காகத்தான் வந்தேன். செத்துப்போன என் நண்பனின் மகள். சாயங்காலம் அவளுக்கு முதல் மேடை. சொதப்பினால் இந்த ஊர் இன்னொரு வாய்ப்புத் தராது.

ஒத்திகை தொடங்கியது. பாடுகிறவர் மூச்சு இழுக்கும்போதே கிதார்க்காரர்கள் நாங்கள் சுரத்தைக் கொடுத்துவிட வேண்டும். முகம் பார்க்கத் தேவையில்லை. சோர்வில் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு வந்தது, கொடுத்தேன். மறுபடி வந்தது, கொடுத்தேன்.

"மாமா, தூக்கத்துல வாசிக்கிறீங்களா? நான் இன்னும் வாயே திறக்கல."

அம்பாரோ என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மூச்சு வந்தது இடது பக்கத்திலிருந்து.

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த மன்றத் தலைவர் காசிமிரோவின் முகம் வெளுத்தது. என் காதருகே குனிந்தார்.

"தோபியாஸா இருக்கும். பழைய பாட்டுக்காரர். இங்க பாடும்போது அவரோட கிதார்க்காரன் கோவிச்சுக்கிட்டு பாதியில எழுந்து போயிட்டான். முடிக்கிற சுரத்தைக் கொடுத்துப் பாட்டை முடிச்சு வைக்க ஆளில்ல. மனுஷன் நிறுத்த முடியாம பாடிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாரு."

"இதை இப்பவா சொல்றது?"

"முன்னாடியே சொன்னா வந்திருப்பியா?"

மேடையில் நான் அவளுக்கு வாசிப்பேனா, அவருக்கா? யோசித்து யோசித்து, என் புத்திக்கு ஒரு வழி தோன்றியது.

"கண்ணு, கொல்லுப் பட்டறைப் பாட்டைப் பாடு. அதுக்குக் கிதாரே வேண்டாம். நான் வாசல்ல இருக்கேன்."

"முதல் மேடையிலேயே கை விடுறீங்களே மாமா!"

"உன் நல்லதுக்குத்தான்."

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் குரல் எழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று பெட்டிமேல் தலை சாய்த்தேன்.

பாட்டு முடியவில்லை.

கைதட்டல் நின்றது. ஒவ்வொருவராகக் கூட்டம் வெளியே வந்தது. உள்ளே அவள் குரல் கம்மி, கிழிந்து, இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

காசிமிரோ ஓடி வந்தார். "எலோய், உள்ள வா. அவளால நிறுத்த முடியல."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிதார்க்காரன் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். முடித்து வைக்க ஆளில்லாமல் அவளை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உள்ளே ஓடினேன். அவள் உதட்டோரம் ரத்தம். கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. நாற்காலியில் உட்கார்ந்து, முடிக்கும் சுரங்களை ஓங்கி அடித்தேன். அவள் வாய் மூடியது. காசிமிரோ அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். பிழைத்துக்கொண்டாள்.

எழுந்திருக்கப் பார்த்தேன்.

இடது காதோரம் யாரோ நிதானமாக மூச்சு இழுத்தார்.

கொடுத்தேன். முடித்தேன். மறுபடி இழுத்தார்.

காசிமிரோ திரும்பி வந்து கெஞ்சுகிறார். "விடிஞ்சாச்சு எலோய். எழுந்து வீட்டுக்குப் போ."

எழுந்தால் தோபியாஸ் யாருடைய தொண்டையைத் தேடிப் போவார் என்று எனக்குத் தெரியும்.

"பேசாதீங்க" என்கிறேன். "மூச்சு இழுக்கிறார்."