இருட்டுக்குத் தொண்ணூற்றெட்டு

தமிழ்நாட்டில் குறும்படத்தொகை மக்கள்தொகையைத் தாண்டி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஆளுக்கொரு படம் என்பதெல்லாம் பழைய கதை. சில வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியே இரண்டு படம் இயக்கிவிட்டு மூன்றாவதற்குக் கதை விவாதத்தில் இருந்தது. சேமித்து வைக்க இடமில்லை. சந்திரனில் தோண்டிய கிடங்கும் நிரம்பி, காதல் தோல்விப் படங்களை மட்டும் தனியாகச் செவ்வாய்க்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்ததுதான் மெய்ப்பாட்டு இருக்கை.

பார்வைக்குச் சாதாரணத் தியேட்டர் நாற்காலிதான். உட்கார்ந்தவரின் நாடி, மூச்சு, வியர்வை, கண்பாவை எல்லாவற்றையும் படித்து, திரையில் ஓடும் ஒவ்வொரு காட்சிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நாற்பதைத் தாண்டிய காட்சி காப்பகத்துக்குப் போகும். தாண்டாத காட்சி அங்கேயே அழியும். படத்தை ஒப்படைத்த கையோடு மற்றப் பிரதிகளையும் இயந்திரம் மோப்பம் பிடித்துத் தின்றுவிடுவதால், எடுத்தவர் கையில் மிஞ்சுவது சுவரொட்டி மட்டும்தான்.

திருச்சி தில்லைநகர் அரங்கின் பின்சுவரில் யாழரசி சாய்ந்து நின்றிருந்தாள். படம் அவள் கணவன் கதிர்மாறன் இயக்கியது. ஒளிப்பதிவு அவள். எடுத்தவர்கள் இருக்கையில் உட்காரக் கூடாது, முதல் காட்சிக்கு ஆள் மட்டும் அவர்களே கூட்டிவர வேண்டும் என்பது விதி.

வேண்டாம் என்று கதிர்மாறன் எவ்வளவோ சொன்னான். அவள்தான் கேட்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நம் ஊரில் படம் பிடிக்கவில்லை என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்களா? “கேமரா சூப்பர்” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நழுவிவிடுவார்கள். இயக்குநர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், வீட்டுக்குப் போய் அழுதுகொள்வார்கள். ஆனால் கேமராக்காரி என்ன செய்வாள்? எடுத்த படத்துக்கெல்லாம் அதே பாராட்டு. அது அவளுக்கா, கதையின் பிணத்துக்குப் போட்ட மாலையா என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. இருக்கை பொய் சொல்லாது என்றார்கள்.

மூன்று வேனில் வந்திறங்கிய உறவுக்காரர்களை மாமா ஞானசிகாமணி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

“யாரும் கொட்டாவி விடப்படாது. வந்தா பல்லைக் கடிச்சுக்கோங்க. பானுமதி, நீ போன தடவ இட்லி நெனப்புல உட்காந்து, பாவம் அந்தப் பையன் படத்துல பாதிய அழிச்சிட்ட!”

“பசிச்சா நான் என்னண்ணே பண்ணுவேன்? இன்னைக்குச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன். போதுமா?”

ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. பஸ் வரத் தாமதமாகிறது, உள்ளே ஏசி இருக்கிறது என்று எட்டிப் பார்த்த சகாயராஜ் என்ற மனிதரை மாமா பிடித்து உட்கார வைத்தார்.

படம் ஓடியது. சுவரில் மதிப்பெண் காட்டும் முள் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே நொண்டியது. அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உருக முயன்றார்கள். முயற்சிக்கு இயந்திரம் மதிப்பெண் தருவதில்லை. பார்வை திரையில் பாதி, முள்ளில் பாதி.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வெளியே மழை, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடி, அதை ஒற்றை விரலால் துடைக்கிற ஒரு பெண். விரல் போன கோட்டளவுக்கு மட்டும் தெரு தெரியும். அந்த வெளிச்சத்துக்காக ஒரு ஐப்பசி முழுக்க யாழரசி பெய்த மழையையெல்லாம் நிராகரித்துக்கொண்டே இருந்தாள். மேகங்களே கோபித்துக்கொண்டதாகக் கதிர்மாறன் சொல்வான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள்.

காட்சி முடிகிறவரை இருபத்தேழு.

அந்த நேரம் பார்த்துத் திரை பட்டென்று அணைந்தது. சந்திரனில் காய்கறிச் சந்தையே வந்துவிட்டாலும் தில்லைநகரில் கரண்ட் போவது நிற்கவில்லை. விளக்குக்கும் ஏசிக்கும் இருக்கைக்கும் பேட்டரி உண்டு, திரைக்கு மட்டும் இல்லை. உறவுக்காரர்களுக்கு அது தெரியாது.

“ஐயய்யோ! படத்தையே அழிச்சிடுச்சு!”

“பானு, நீயா?”

“சத்தியமா நான் இல்லண்ணே! எனக்கு நெஞ்செல்லாம் அடிச்சுக்குது!”

எல்லோருக்கும் அடித்துக்கொண்டது. நம்மால்தான் போயிற்று, ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று ஒவ்வொருவரும் நடுங்கினார்கள். முள் ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று துள்ளிப் பாய்ந்தது.

கரண்ட் வந்தபோது கடைசி எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. இயந்திரம் தேன்குரலில் தீர்ப்புச் சொன்னது. திரையில் தெரிந்ததுதான் அதற்குப் படம், இருட்டும் தெரிந்ததுதானே? “இருட்டுக் காட்சி. கதை சொன்ன விதம், தொண்ணூற்றெட்டு. ஒளிப்பதிவு, தொண்ணூற்றெட்டு. மாநிலத்தில் இதுவரை இல்லாத உச்சம். மற்றக் காட்சிகள் அழிக்கப்பட்டன.”

அரங்கம் அதிர்ந்தது. “யாழு! தொண்ணூத்தெட்டு!” என்று கதிர்மாறன் ஓடிவந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதி வழியிலேயே நின்றான். அதற்குள் கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது.

“அந்த இருட்ட எந்த லென்ஸ்ல எடுத்தீங்க மேடம்?”

“கேமரா சூப்பர்!”

பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

எல்லோரும் வெளியே கதிர்மாறனுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்க, யாழரசி மட்டும் உள்ளே திரும்பி வந்தாள். திரையில் காப்பகப் பிரதி, அதாவது வெறும் இருட்டு, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. சகாயராஜ் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் நாற்காலியின் கைப்பிடியில் ‘இருக்கை காலி’ என்று எழுத்து மின்னியது. நாடி அத்தனை அமைதியாக இருந்ததால் இயந்திரம் அவரை ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

“நீங்கதான் கேமராவாம்மா? கதை எனக்கு அவ்வளவாப் பிடிக்கல. ஆனா கேமரா நல்லாருந்துச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் அதேதானா?

“அந்தப் பொண்ணு கண்ணாடியத் தொடைச்சுச்சே,” என்றார் அவர். “அந்தக் கோட்டுக்குள்ள ஒரு சைக்கிள் போச்சு பாருங்க. என் பஸ்ஸு போனதுகூடத் தெரியல எனக்கு. அத மட்டும் இன்னொரு தடவ போடுவாங்களா? அதுக்குத்தான் உட்காந்திருக்கேன்.”

யாழரசி விதியை மறந்து அவர் பக்கத்து நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

“சொல்லுங்களேன். சைக்கிள் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?”

“இடப்பக்கம். ஓட்டிட்டு வந்த ஆளு ஒரு கையில செருப்பப் பிடிச்சிருந்தாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி ஆவி படிஞ்சிருச்சு. மெதுவா, ஓரத்துலேருந்து. அந்தப் பொண்ணு தொடைக்கல. விட்டுட்டா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெஞ்சு படபடத்தது, உடம்பு சிலிர்த்தது. எதிரே திரையில் இருட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் தொண்ணூற்றெட்டில் நின்றிருந்த முள் மெல்ல அசைந்து, இருட்டுக்கு இன்னும் ஒரு மதிப்பெண் போட்டது.