ஒன்பது உருண்டை மாவு

"யாரு என் மாவுல விரல விட்டது?"

குரலில் கோபம் இருந்தது. ஆனால் கேட்டவனின் மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது. அதனால் மாஹிராவுக்குப் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது...

வெளியே மந்தின் கடைத்தெருவே தெரியாத அளவுக்கு மழை. செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேரையும் காய்கறி வாங்கப் பசார் சந்தைக்குக் கூட்டி வந்திருந்தாள். வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்து, தக்காளியை முகர்ந்து பார்த்து, பிள்ளைகளே எல்லாம் வாங்கி முடித்த நேரத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. வேன் வரத் தாமதமாகும் என்றார்கள். கண்ணில் பட்ட முதல் சாப்பாட்டுக் கடைக்குள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். நனைந்த துடோங் முக்காட்டைத் தலையில் சரி செய்துகொண்டு திரும்புவதற்குள்... ஷாமினி வேலையைக் காட்டிவிட்டாள். எண்ணெய் பூசித் தட்டில் அடுக்கியிருந்த ரொட்டி மாவு உருண்டைகளில் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை.

"நான்தான் அங்கிள்!" என்றாள் ஐந்து வயது ஷாமினி, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. "குழி போட்டா மெதுவா மேல வருது!"

"வரும் வரும்... எங்க வாப்பா பாத்தாங்கன்னா என் கதையும் மேல போயிடும்." அவன் மாஹிரா பக்கம் திரும்பினான். "டீச்சர், பிள்ளைங்கள கொஞ்சம் உக்கார வைக்கக் கூடாதா லா?"

"வைக்கலாம். சும்மா உக்காந்திருந்தா மாவு மேல வருதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவளும் அவனை நேராகப் பார்த்தாள். பெரிய கண்கள்... சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடும் கண்கள். 'மாவு பிசையிறவனுக்கு எதுக்கு இவ்வளவு அழகான கண்ணு?' என்று நினைத்தவள், நினைத்ததற்காகத் தன்மீதே கோபப்பட்டாள்.

"ஓ... அப்ப இது பாடமா?"

"பாடம்தான். குத்துன உருண்டைய யாருக்கும் விக்க முடியாதுல்ல? பில்லு என் பேருல போடுங்க. ரொட்டி வீசுறத மட்டும் நீங்க காட்டுங்க."

"நானா? நான் எஸ்பிஎம் பரீட்சையிலயே தட்டுத் தடுமாறி வந்தவன் டீச்சர்!"

அவன் பெயர் அஃபீஃப். கடை அவன் வாப்பா நாகூர் கனியுடையது. முனகிக்கொண்டேதான் பிள்ளைகளின் கைகளைக் கழுவிவிட்டான். ஆளுக்கொரு உருண்டை கொடுத்தான். பிறகு தன் உருண்டையை மேசையில் தட்டி, ஓரத்தைப் பிடித்து, காற்றில் ஒரு வீச்சு... மாவு குடை போல விரிந்து இறங்கியது. ஒன்பது வாய்களும் திறந்தபடி நின்றன. மாஹிராவின் வாயையும் சேர்த்தால் பத்து.

அதன்பிறகு கடை கடையாக இல்லை. யாருடைய மாவு பெரிசு, யாருடையது கிழிந்தது, கிழிந்ததை எப்படி ஒட்டுவது என்று ஒரே சத்தம். தே தாரேக் டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அஃபீஃப் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் அதை வீடியோ எடுத்தான். சந்தோஷத்தில் மாஹிரா அதைத் தடுக்கவில்லை.

மழை விட்டு வேன் வந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. லோபாக்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த பள்ளியின் வாசலில் பெற்றோர்கள் கூடி நின்றார்கள். முன்னால் நின்றவர் ஷாமினியின் அப்பா சந்திரன். செனாவாங்கில் இருக்கும் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து, சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தார். கைப்பேசியை அவள் முன் நீட்டினார்.

அஃபீஃப் எடுத்து இணையத்தில் போட்டிருந்த வீடியோ. கீழே அவன் எழுதியிருந்தது: 'நம்ம கடைக்குப் புது வேலையாளுங்க! சம்பளம் ஆளுக்கு ஒரு ரொட்டி!'

"எங்கப்பா இதே தோட்டத்துல பத்து வயசுல ரப்பர் பால் வாளி தூக்குனாரு டீச்சர்," என்றார் சந்திரன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் மிஷினோட மல்லுக்கட்டுறேன். என் பிள்ளை கையிலயாச்சும் பேனா இருக்கணும்னுதான் இங்க அனுப்புனேன். ஊரே பாத்து சிரிக்குது... தோட்டத்துப் பிள்ளைங்க இப்பவே கடை வேலைக்கு வந்துடுச்சுன்னு."

சனிக்கிழமை கூட்டம் என்று முடிவானது. பிள்ளைகள் மாவில் என்ன படித்தார்கள் என்பதற்கு அன்றைக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், எழுத்துப் பயிற்சி கொடுக்கும் செனாவாங் பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளை மாற்றிவிடுவார்கள். ஒன்பது பேரும் போய்விட்டால் இங்கே பள்ளி ஏது? மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய பள்ளி அது.

பள்ளி முடிந்ததும் நேராக மந்தினுக்குக் காரை ஓட்டினாள்.

அவளைக் கண்டதும் அஃபீஃப் முகம் மலர்ந்தது. "அட! இன்னிக்கு மழையே இல்லயே டீச்சர்..."

"என்ன எழுதுனீங்க நீங்க?"

"எது... அதுவா? சும்மா ஜோக்கு..."

"உங்களுக்கு ஜோக்கு. வேலை செஞ்சே தேஞ்சு போன குடும்பங்க அது. பிள்ளை கையில அழுக்குப் பட்டாலே அவங்களுக்கு நெஞ்சு பதறுது. சனிக்கிழமை என் பள்ளிய மூடப் போறாங்க, தெரியுமா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "அல்லாஹ்... இப்பவே அழிச்சிடுறேன்."

"எல்லார் போனுலயும் ஏறுனதுக்கு அப்புறமா? அழிங்க... நல்லா அழிங்க." அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்ற வீம்பு. "இனிமே உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு, பில்லுக்காக மாற்றிக்கொண்ட எண்ணில் அவனிடமிருந்து வந்த அழைப்பு எதையும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாகவும் இல்லை... ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் அது நிற்கும் வரை பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை தோட்ட மண்டபத்தில் பாயில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசுவது என்று மாஹிரா இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். முதல் வரியைத் தொடங்கும்போதே வாசலில் நிழல் தெரிந்தது. அஃபீஃப்! கையில் ஒரு பெரிய தட்டு.

"அஸ்... வணக்கம்," என்றான் தடுமாறி. "அந்த வீடியோ போட்டவன் நான்தான். டீச்சருக்குத் தெரியாம போட்டது. பிள்ளைங்கள வெச்சு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்புதான், மன்னிச்சிடுங்க. வெறும் கையோட வர வெக்கமா இருந்துச்சு... உங்களுக்கு ரொட்டி போட்டுக் குடுக்கலாம்னு மாவு கொண்டாந்தேன்."

"மன்னிப்பு கிடக்கட்டும் தம்பி," என்றார் சந்திரன். "அன்னிக்கு என் பிள்ளை என்னா படிச்சுச்சு? அதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க."

எல்லோரும் மாஹிராவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவன் தட்டைப் பார்த்தாள். எந்த மாவால் மானம் போனதோ அதே மாவு. அவனைத் திருப்பி அனுப்பிவிடு என்றது ரோஷம். ஒரே ஒரு கணம்தான்... தாளை மடித்துக் கீழே வைத்தாள்.

"அந்தத் தட்ட இப்படிக் குடுங்க, அஃபீஃப். அண்ணே, நீங்க ஒரு ரொட்டி விரிச்சுப் பாருங்க. ஷாமினி சொல்லித் தரட்டும்."

மண்டபத்தில் சலசலப்பு. சந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் ஷாமினியா விடுவாள்? அப்பாவை இழுத்து வந்து உட்கார வைத்து, கையைக் கழுவி வரச் சொல்லி, ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டாள்.

சந்திரன் ஒரே இழுப்பாக இழுத்தார். மாவு பொத்தலானது. பெற்றோர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"அவசரப்படாதீங்கப்பா! ஓரத்துல புடிங்க. சுத்திச் சுத்தி வாங்க. பெரிசாக ஆக மெலிசாகும், பாத்து இழுக்கணும்."

"பெரிசானா ஏன்மா மெலிசாகணும்? பெரிசுன்னா கனமால்ல ஆகணும்?" அவர் வம்புக்குத்தான் கேட்டார்.

ஷாமினி மாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். மாஹிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்... பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை.

"மாவு அதேதானப்பா இருக்கு! புதுசா நாம போடலயே. நடுவுல இருக்கிறதுதான் ஓரத்துக்குப் போவுது... அப்புறம் நடுவுல எப்படி இருக்கும்?"

சந்திரனின் கை அப்படியே நின்றது. "இத யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்!"

சந்திரன் மகளையே பார்த்தார். எண்ணெய்க் கை என்பதையும் மறந்து அவள் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு யாரும் இப்படிப் பாக்க நேரம் குடுக்கல டீச்சர்... பிள்ளை இங்கேயே இருக்கட்டும். எழுத்தும் சொல்லிக் குடுத்துடுங்க."

"கண்டிப்பா குடுக்கிறேண்ணே. மாவு பிசைஞ்ச விரல் பென்சில நல்லாப் பிடிக்கும்."

அப்புறம் என்ன... எல்லாப் பெற்றோருக்கும் ஆளுக்கொரு உருண்டை வேண்டுமாம். பிள்ளைகள் டீச்சரானார்கள். அஃபீஃபுக்கு மண்டபத்து அடுப்பை விட்டு நகர நேரமில்லை. ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டுப் போகவில்லை.

எல்லாம் முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். மாஹிரா மெல்லப் போய் நின்றாள். தூறல் விழுந்தது... இருவருமே நகரவில்லை.

"அந்த வீடியோவ அழிச்சிட்டேன்," என்றான் அவன், தலை நிமிராமல். "அன்னிக்கே. ஆனா அழிக்கிறதுக்கு முன்னால நெறைய தடவ பாத்தேன்."

"பிள்ளைங்க அழகா இருந்தாங்கல்ல..."

"பிள்ளைங்கள பாக்கல." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஒரு ஓரமா நீங்க சிரிச்சிட்டு நின்னீங்க. பிள்ளைங்க விரிச்ச மாவ பாத்து வாயத் தொறந்துட்டு... உங்கள ரொம்ப புடிச்சிருக்கு, மாஹிரா. உங்க பள்ளிக்கு நான்தான் கேடு பண்ணேன், இத சொல்ல எனக்கு என்னா தகுதின்னும் தெரியல. எங்க உம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பலாமா?"

மாஹிரா தன் வீம்பு எங்கே என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அனுப்புங்க," என்றாள். "வாப்பா வீட்டுலதான் இருப்பாங்க."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அப்படின்னா... அப்படின்னா நீங்க..."

"எனக்கும் உங்கள புடிச்சிருக்கு. அது தெரிஞ்சதாலதான் அன்னிக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. போதுமா?"

அவன் கழுவி முடித்த தட்டையே மறுபடி கழுவத் தொடங்கினான். மாஹிரா சிரித்துக்கொண்டே கை நீட்டிக் குழாயை மூடினாள்.