ஒளித்து வைத்த புத்தகம்

தேனீ வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் அகப்பட்டது. நேற்று நூலகம் மூடும் நேரத்தில் தன் கையாலேயே செருகிவிட்டுப் போன தடித்த புத்தகம்... கால் முளைத்தா போயிருக்கும்?

"இதைத்தானே தேடுறீங்க?"

திரும்பினாள். புத்தக வண்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். கழுத்தில் நூலக ஊழியர் அட்டை. மறு கையில் அவள் புத்தகம். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். சிரிப்பல்லவா இருந்தது...

"தேடலை... சும்மா பார்த்தேன்."

"தேனீ வளர்க்கப் போறீங்களோ?"

"ஏன், வளர்க்கக் கூடாதா?"

"தாராளமா வளர்த்துக்கோங்க. ஆனா கட்டடக்கலைப் புத்தகத்துக்கு இங்க என்ன வேலை? இடம் மாறின புத்தகம் தொலைஞ்ச புத்தகம்னு எங்க வேலையில சொல்வாங்க."

"அது தொலைஞ்சாத்தான் எனக்குக் கிடைக்குது," என்றாள் வெடுக்கென்று.

உண்மையும் அதுதான். இவ்வளவு பெரிய நூலகத்தில் அந்தப் புத்தகம் ஒரே ஒரு பிரதி. வீட்டுக்கும் தரமாட்டார்கள். அலுவலகத்தில் பகலெல்லாம் குனிந்து வரைந்துவிட்டு அவள் ஓடி வருவதற்குள் யாராவது அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உரிமத் தேர்வில் தேறினால்தான் அவள் வரைகிற வரைபடத்தில் அவளே கையெழுத்துப் போடலாம். அதுவரை உழைப்பு இவளுடையது, பெயர் முதலாளியுடையது.

அன்றிலிருந்து கண்ணாமூச்சிதான். கோழிப் பண்ணைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தாள். ரயில்வே சட்டங்களுக்கு நடுவில் செருகினாள். எங்கே வைத்தாலும் மறுநாள் அது உரிய இடத்தில் சமர்த்தாக நின்றது.

"அந்த மோப்பக்காரர் இன்னைக்கும் கண்டுபிடிச்சுட்டார்க்கா."

அக்கா தலைமுடியைப் பின்னிக்கொண்டே சிரித்தாள். "பரீட்சைக்குப் படிக்கிறியா, இல்ல அவரைப் படிக்கிறியா?"

ஒரு மழை மாலை. உயரமான ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தவன் அவள் மேஜையருகில் நின்றான். கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"தேறினதும் முதல்ல என்ன வரைவீங்க?"

"ஜன்னல் நிறைய வச்சு ஒரு வீடு..."

"யாருக்கு?"

அவள் குனிந்து பக்கத்தைப் புரட்டினாள். காது மடல் சுட்டது.

மறுநாள் புத்தகம் அவள் ஒளித்த இடத்திலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும்... அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? வேலையில் அத்தனை கறாரானவன் தனக்காகத் தெரிந்தே ஒரு தப்பைச் செய்கிறான் என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது.

அந்த இனிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரு மாலை அவள் உள்ளே நுழைந்தபோது, தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண் தலைமை நூலகரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அதே புத்தகம், அதே பரீட்சை. "ரெண்டு பஸ் மாறி வரேன் மேடம். ஒவ்வொரு தடவையும் இல்லைன்னே சொல்றீங்க."

"யாரும் எடுக்கலை. ஆனா இடத்துலயும் இல்லையே..." தலைமை நூலகர் உதட்டைப் பிதுக்கினார்.

வண்டியோடு நின்ற அவன் இவளைப் பார்த்தான். நீயே சொல்லேன் என்று கேட்டன அந்தக் கண்கள். இவள் முகத்தைத் திருப்பி அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தொடங்கினாள்.

அவன் உள்ளே போய்ப் புத்தகத்தோடு வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். "நான்தான் மேடம் இடம் மாத்தி வச்சுட்டேன்."

"அடுக்கத் தெரியாத ஆளுக்கு அலமாரி எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் விழுந்தது திட்டு. அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

அவர் யார் எனக்காகப் பழியைச் சுமக்க? நான் கேட்டேனா? தெரு முழுக்க மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். அதற்கப்புறம் நூலகம் இருந்த திசைக்கே போகவில்லை.

"கோபம் அவர் மேலயா, உன் மேலயா?" என்றாள் அக்கா.

"தெரியலை."

"தெரியாம இல்ல. ஒத்துக்க வாய் வரலை."

அக்கா சொன்னது சரிதான். அவன் திட்டு வாங்கியதைவிட, தான் முகத்தைத் திருப்பியதை அவன் பார்த்துவிட்டானே என்பதுதான் அவளை அரித்தது. இனி அந்தக் கண்களில் சிரிப்புக்குப் பதிலாக என்ன இருக்கும்... அதைப் பார்க்கத்தான் பயம்.

பயத்தோடேயே ஒரு நாள் போனாள். நேராகத் தலைமை நூலகர் முன்னால் நின்றாள்.

"அந்தப் புத்தகத்தை ஒளிச்சு வச்சது நான்தான் மேடம். இவர் இல்லை. ரொம்ப நாளாவே செஞ்சேன்."

பக்கம் புரட்டும் சத்தம்கூட நின்றுபோனது. ஏணியில் இருந்தவன் அப்படியே உறைந்து நின்றான். தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மாசத்துக்கு நீங்க உள்ள வரக் கூடாது. கார்டைக் குடுங்க," என்றவர் ஏணிப் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும்தான் சொல்றேன். பொய் சொல்றது உங்க வேலை இல்லை."

கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவன் வந்தான்.

"பரீட்சை நெருங்குற நேரத்துல ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"அடுத்த தடவை எழுதிக்கலாம். அன்னைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டேனே... அப்படியே தேறி, கையெழுத்துப் போட்டா அது என் கையெழுத்தாவா இருக்கும்?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ள புத்தகத்தைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு... அது உங்ககிட்ட சொல்ல வேண்டியது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க என்னைக் கேவலமா நினைச்சிருப்பீங்களோன்னு பயந்துதான் இத்தனை நாளா வரலை. இனி ஒரு மாசம் உங்களைப் பார்க்க முடியாது. அதான் இப்பவே சொல்லிட்டேன்..."

"ஏன் முடியாது?"

நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க உள்ள வரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க... நான் வெளிய வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."