இலக்கியாவின் கண்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ நடத்திய கொளஞ்சியப்பன், எதையும் இருமுறை நோக்கிய பின்னரே ஒப்புக்கொள்பவர். அச்சிட்ட படத்தை முதலில் சன்னலோரத்திலும் பிறகு குழல்விளக்கின் கீழும் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். சிதம்பரத்தில் திறக்கவிருந்த கிளைக்காக, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பிரிண்டர்களை வரவழைத்திருந்தார். ஆழிப்பேரலை கொண்டுபோன இலக்கியாவின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பெரிய படம் வேண்டுமென்று அவள் தாய் மங்கலம் கேட்டிருந்தாள். ஓட்டின்மேல் மழை இடைவிடாது இரைய, மையின் புளித்த வாடை அறையெங்கும் கவிந்திருந்த அந்த மாலையில், இலக்கியாவின் படத்தையே ஒன்றில் வண்ணத்திலும் மற்றதில் கறுப்பு வெள்ளையிலும் அச்சிட்டார்.

வண்ணப் படத்தில் மேனி சற்றே சிவந்திருந்தது, வேறு குறையில்லை. கறுப்பு வெள்ளையிலோ கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் கண்கள் மூடியிருந்தன.

மை வரும் முனையைச் சுத்தம் செய்து மீண்டும் அச்சிட்டார். மூடியே இருந்தன.

அவர் எடுத்த பள்ளிக் குழுப்படமே இலக்கியாவின் ஒரே படம். அதில் அவள் இமைத்துவிட்டிருந்தாள். மூடிய கண்களைக் காணத் தாய் மனம் தாங்காதென்று, அதே படத்தில் அருகில் நின்ற தோழி வெண்மதியின் கண்களை வெட்டி ஒட்டியவர் அவரே. உயிரோடிருக்கும் பிள்ளையின் கண்களுக்கு முன்னே அன்றுமுதல் மங்கலத்தின் வீட்டில் மாலையும் விளக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து நனைந்தபடி வந்த மங்கலம் கறுப்பு வெள்ளைப் படத்தையே எடுத்தாள்.

"இதாண்ணே எம் பொண்ணு. நிம்மதியா தூங்குறா பாருங்க. வூட்டுல இருக்கறது, யாரோ வூட்டுப் புள்ள வழி தெரியாம முழிக்கிற மாதிரி என்னையே பாக்குது."

வெண்மதி எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டார்.

"பாவம்ண்ணே, அதுக்குப் பார்வ மங்கிக்கிட்டே வருது. டாக்டரு கண்ணுல ஒண்ணுமில்லன்னுட்டாரு. ஆனா எந்நேரமும் எதுக்கால ஒரு வெளக்கு எரியுதுங்குது. வெளக்குக்கு அந்தாண்ட யாரோ ஒரு பொம்பள அழுவுறாளாம்."

மழை நின்றது.

வண்ணப் பிரிண்டர் உறுமியது. யாரும் தொடவில்லை. தாள் நகர்ந்தது. வெற்றுத் தாள். நடுவில் இரண்டு கண்கள் மட்டும். ஈரம். ஒவ்வொரு கருவிழியிலும் ஒரு சுடர்.

மங்கலம் காணாதபடி கொளஞ்சியப்பன் அதன்முன் நின்றுகொண்டார்.

"நானும் ஒங்க வூட்டுக்கு வர்றேம்மா," என்றார். "அந்தப் படத்த இன்னிக்கே எறக்கிடணும். எறக்கறதுக்கு முன்னால, நான் செஞ்சத ஒங்ககிட்ட சொல்லிடறேன்."