மேனேஜருக்கு இன்று ஊசி இல்லை

"போறவ தாராளமா போ... ஆனா சாயந்திரம் அவனுக்கு ஊசி யாரு போடறது? அதைச் சொல்லிட்டுப் போ!"

மாமியாரின் குரல் கூடத்திலிருந்து வந்தது. மருமகள் சமையலறை மேடையில் பூனையை உட்காரவைத்து, அதன் காது நுனியில் வெதுவெதுப்பான துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். காது சூடேறினால்தான் ஒரு சொட்டு ரத்தமாவது வரும். அவசரப்பட்டுக் குத்தினால் பூனைக்கும் வலி, ரத்தமும் வராது.

பூனையின் பெயர் மேனேஜர். மாமனார் உயிரோடு இருந்தபோது வைத்த பெயர். யார் என்ன வேலை செய்தாலும் எதிரில் வந்து உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பதுபோல் பார்ப்பதால் வந்தது. மேனேஜருக்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை டாக்டர் சொன்ன நாளிலிருந்து, காலையிலும் மாலையிலும் காதில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இன்சுலின் போடுவதும் மருமகளின் வேலையாகிவிட்டது. அவள் கேட்டு வாங்கிய வேலையில்லை. மற்ற எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்ப்பவன், ஊசியைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொள்வான். நாத்தனார் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பூனை பிறாண்டினால் கையில் தழும்பு விழுமாம். மாமியார்தான் நியாயமாகப் போட வேண்டியவள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஆனால் இப்போது கை நடுங்குகிறது. நடுக்கத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "அவளே போடட்டும், பழகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்காக மருமகள் விட்டதில் முதலாவது தண்ணீர் பரிசோதனைக் கூடத்து வேலை. ஷிஃப்ட் வேலைக்கும் ஊசிக்கும் ஒத்துவரவில்லை. தங்கையின் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். இப்போது அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பக்கத்தில் இருக்க வேறு ஆள் இல்லை.

"ரெண்டு நாள்தான் அத்தை... இவரு பிடிச்சுக்கட்டும், உங்க பொண்ணு போடட்டும். நான் சொல்லித் தர்றேன்."

"நானா!" நாத்தனார் தலைவாரிக்கொண்டிருந்த சீப்போடு ஓடிவந்தாள். "அண்ணி, அது என்னைப் பாத்தாலே சீறுது! நீங்கதான் அதுக்குச் சாப்பாட்டைக் குறைச்சு மனுஷங்க மேலயே வெறுப்பு வர வச்சிருக்கீங்க."

"குறைக்கல. மாத்தியிருக்கேன்."

"என்ன மாத்தினே?" மாமியார் எழுந்து வந்துவிட்டாள். "பாலும் பிஸ்கட்டும் தின்னு ராஜா மாதிரி இருந்தவன். இப்ப டப்பாவுல அடைச்ச கறியைத் தவிர ஒண்ணும் கிடையாது. வாயில்லா ஜீவன், கேக்க ஆளில்லன்னு..."

அந்த பிஸ்கட்டை யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தது மாமியார்தான். எத்தனை ஊசி போட்டும் சர்க்கரை இறங்காமல் மருமகள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட மாதங்களுக்கு அதுதான் காரணம். நாற்காலிக்கு அடியில் தூளைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் பெரிய ரகளை. அதற்கப்புறம் பிஸ்கட் நின்றது. சர்க்கரையும் இறங்க ஆரம்பித்தது. டாக்டர் மருந்தை மூன்று யூனிட்டிலிருந்து இரண்டாக்கி, பிறகு ஒன்றாகக் குறைத்தார். இதை மருமகள் ஆசையாகச் சொல்ல வந்தபோது, "இன்சுலினைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று மாமியார் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். அன்றோடு மருமகள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

"இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு நாள் உண்டா?" அவள் துணியை மேடையில் வீசினாள். "எங்கப்பாவுக்குக் கண்ணுங்க அது! இந்தப் பூனை இருக்கற வரைக்கும் எனக்கு விடிவே கிடையாதா?"

வாயிலிருந்து விழுந்ததை அள்ளி எடுக்க முடியாது. புருஷன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். மாமியார் அறைக்குப் போய்விட்டாள்.

மருமகள் காதில் குத்தினாள். மெஷினில் எண் விழுந்தது. எண்பத்து நான்கு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எண்பத்து நான்குதான். நோயில்லாத பூனைக்கு இருக்கும் அளவு! 'நூறுக்குக் கீழ வந்தா ஊசி போடாதீங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க. சில பூனைங்களுக்கு இன்சுலினே வேண்டாம்னு ஆயிடும்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் 'சில பூனை'யில் இதுவும் ஒன்றா?

கூவிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? புருஷன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். மாமியாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. 'கேட்டால் சொல்வோம்' என்று நினைத்தாள். சிரிஞ்சை உறை பிரிக்காமல் தட்டிலேயே வைத்தாள். பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, டாக்டரின் கிளினிக் திறந்ததும் ஃபோனில் சொன்னாள். "சரியாத்தான் செஞ்சீங்க, மதியம் ஒருதரம் பாருங்க" என்றார் அவர். அதன்பிறகு பஸ் டிக்கெட் எடுக்கவும் அப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கவும் கடைத்தெருவுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது வாசற்கதவு திறந்தே கிடந்தது.

"வந்துட்டாங்கம்மா... மகராசி வந்துட்டாங்க!" நாத்தனார் கத்தினாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்போல. கடைச் சீருடையோடு நின்றாள். "வந்து பாருங்க அண்ணி! நீங்க ஆசைப்பட்ட விடிவு வந்திடுச்சு!"

மேனேஜர் கூடத்துத் தரையில் கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்து, பின்னங்கால் இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. கண் அகலத் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை.

"ஊசி போடாம போனியே பாவி!" மாமியாரின் குரல் உடைந்தது. "சிரிஞ்சு பிரிக்காம அப்படியே கிடந்துச்சு! இன்னிக்கு மட்டுமா? பாட்டில்ல மருந்து குறையவே இல்லையே... எத்தனை நாளா ஏமாத்தறே? நான் வார்டு பாத்தவடி, பாட்டிலைப் பாத்தாலே தெரியும் எனக்கு! உன் மாமனாரும் இப்படித்தான்... சர்க்கரை ஊசியை 'போட்டுக்கிட்டேன் போட்டுக்கிட்டேன்'னு பொய் சொல்லிச் சொல்லியே என்னை விட்டுட்டுப் போனாரு. அவரோட பூனையையும் நீ..."

அப்போதுதான் மருமகள் பார்த்தாள். மாமியாரின் நடுங்கும் கையில் ஒரு சிரிஞ்சு. மருந்து நிரப்பிய சிரிஞ்சு.

"அத்தை... அதை எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரு ஊசி பத்தல. எத்தனை நாள் பாக்கியோ... இன்னொண்ணு போட்டாத்தான் சர்க்கரை இறங்கும்."

ஒரு ஊசி பத்தல!

மருமகள் ஒரே எட்டில் போய் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துச் சிரிஞ்சைப் பிடுங்கினாள்.

"அம்மா மேலயே கை வைக்கறீங்களா!" என்று நாத்தனார் பாய்ந்து வந்தாள்.

"விலகு!"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது. நாத்தனார் விலகினாள். மருமகள் மெஷினை எடுத்து, காதைச் சூடேற்ற நேரமில்லாமல் இரண்டு தரம் குத்தி, கசிந்த துளியைத் தொட்டு எடுத்தாள். மெஷின் எண் எதையும் காட்டவில்லை. மிகக் குறைவு என்று அர்த்தம் தரும் இரண்டு எழுத்து மட்டும் விழுந்தது. அதை மாமியாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வார்டில் எத்தனை பேருக்கு அந்த எழுத்தைப் பார்த்திருப்பாள்! கிழவியின் முகம் வெளுத்தது.

"குறைஞ்சு போயிருக்கு..." என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "கூடல... குறைஞ்சிருக்கு..."

"எவ்வளவு போட்டீங்க?"

"வழக்கமா போடறது... மூணு."

"இப்ப ஒண்ணுதான் அத்தை! அதுவும் இன்னிக்கு வேண்டாம். தேனை எடு, சீக்கிரம்!"

கடைசி வார்த்தை நாத்தனாருக்கு. அவள் தேன் பாட்டிலோடு ஓடிவந்து மூடியைத் திறந்து நீட்டினாள். மருமகள் விரலில் தேனைத் தொட்டுப் பூனையின் ஈறில் தேய்த்தாள். வாய்க்குள் ஊற்றவில்லை, ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தேய்த்தாள், மறுபடி தொட்டாள், மறுபடி தேய்த்தாள். "மேனேஜரே... வேலை நேரத்துல என்ன தூக்கம்? எழுந்திருங்க... எழுந்திருங்க சார்..." என்று புருஷன் விளையாட்டாகச் சொல்லும் வார்த்தைகள் அவள் வாயில் அழுகையாக வந்தன.

நாக்கு அசைந்தது. பிறகு அவள் விரலை நக்கியது.

டாக்டரின் கிளினிக்கில் ஊசிக் குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். பொழைச்சிடும்" என்று சொன்ன டாக்டர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "காலையில போட வேண்டாம்னு தெளிவாத்தானே பேசினோம்? யாரு போட்டது?"

மருமகள் தலைகுனிந்தாள். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"நான்தான்," என்றாள் மாமியார். "இவ செஞ்சது சரி டாக்டர். எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனப்பு."

வெளியே காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரில் யாரோ ஒருவரின் நாய் கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் கூம்போடு முனகிக்கொண்டிருந்தது.

"என்னைத் திட்டிடு," என்றாள் மாமியார். "மனசுக்குள்ள வச்சிருக்காதே."

"திட்டத் தெரியாம இல்ல அத்தை." அவளுக்குக் குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. "மருந்து குறையலைன்னு பாத்தீங்களே... ஏன் குறையலைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவனுக்குக் குணமாகிட்டு வருது அத்தை! அதனாலதான் பாட்டில் தீரல! வேலையை விட்டு, தங்கச்சி கல்யாணத்தைப் பாதியில விட்டு, தினமும் அவன்கிட்ட கடி வாங்கி... இன்னிக்குக் காலையில எண்பத்து நாலு வந்தப்ப அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்க எனக்கு அந்த வீட்டுல ஒரு ஆள் இல்ல. அவனைக் கொல்லப் பாத்தேன்னு நெனைச்சிட்டீங்களே..."

மாமியாரின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. துடைக்கவில்லை.

"கேக்கணும்னு தோணாம இல்லம்மா. கேட்டா... எனக்குத் தெரியலைன்னு ஆயிடுமே. கையும் போச்சு. தெரியும்ங்கறது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

மருமகளின் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிழவி அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். எதிரில் இருந்த நாய்கூட முனகலை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மறுநாள் மேனேஜரை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மருமகள் பஸ் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. நாத்தனார்தான் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம்வரை வந்தாள். சொல்ல நினைத்ததைச் சொல்லத் தெரியாமல், "ஜன்னலோரமா உட்காருங்க அண்ணி" என்று மூன்று தரம் சொன்னாள்.

அடுத்த நாள் மாலை, அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர் கண்ணில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். மருமகளின் ஃபோன் அடித்தது. எடுத்ததும் கீச்சென்று ஒரு பூனைக் குரல், எதுவோ உருண்டு விழும் சத்தம், "அம்மா, இன்னும் பிறாண்டறான்ம்மா!" என்று புருஷனின் அலறல்.

"நான்தாம்மா," மாமியாருக்கு மூச்சிரைத்தது. "இவன் கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சான், சின்னவ குத்தினா. நூத்திரெண்டு காட்டுது."

"ம்..."

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு. ஊசி வேண்டாங்கறார். இனிமேலும் வேண்டியிருக்காதுன்னு நெனைக்கறாராம், ஆனா தினமும் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "இருந்தாலும்... நீ சொல்லு. போடாம இருக்கட்டுமா?"

மருமகள் ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போட வேண்டாம் அத்தை."

"சரி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காதுல குத்தினப்ப என்னை ஒரு முறை முறைச்சான் பாரு... நான்தான் குத்தின மாதிரி! உன்னை எப்பவாவது அப்படி முறைச்சிருக்கானா?"

"தினமும் ரெண்டு வேளை."

அந்தப் பக்கம் மாமியார் சிரித்துவிட்டாள். இந்தப் பக்கம் இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வராந்தாவில் போன நர்ஸ் ஒருத்தி நின்று, "என்னம்மா, உள்ள பேஷன்ட்டுக்கு ஏதாவதா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுல ஒருத்தருக்குக் குணமாயிடுச்சு."