அய்யா சொன்னாரு!

பிணவறை வாசலில் செல்போன் அலறியது!

அன்பழகன் பதறிப்போய்ப் பார்த்தார். திரையில் செல்வகுமார். அமைச்சர் சாமிக்கண்ணுவின் பி.ஏ.!

எதிரே ஸ்டிரெச்சரில், வெள்ளைத் துணிக்கு அடியில் பக்கிரி. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கெமிக்கல் கம்பெனித் தொழிலாளி. நேற்று வாயுக் கசிவில் செத்துப்போனவன்.

போன மாசம் பாதுகாப்பு இல்லையென்று அந்தக் கம்பெனிக்குச் சீல் வைத்தவர் தொழில்துறை துணை இயக்குநர் அன்பழகன்.

போன வாரம் அதே சீலை எடுத்தவரும் அன்பழகன்தான்!

"சார்..." பக்கத்தில் ஒரு பெண் குரல். பக்கிரியின் மனைவி சந்திரகலா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் வேலைக்குப் போவாதன்னுதான் சொன்னேன் சார். பெரிய ஆபீசரே வந்து தொறந்து உட்டுட்டாரு, இனிமே பயமில்லன்னு சொல்லிட்டுப் போனாரு..."

அந்தப் பெரிய ஆபீசர் யாரென்று அவளுக்குத் தெரியாது!

அன்பழகன் அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"சொல்லுங்க செல்வகுமார்."

"சார், அய்யா சொல்றாரு... கம்பெனி சீல் வச்சபடியே இருந்துச்சு. அந்த ஆளு சீலை ஒடைச்சு, ஒயர் திருட உள்ள பூந்தான். அப்டியே போலீஸ்ல ஸ்டேட்மெண்ட் குடுத்துடுங்க."

"செத்தவன திருடன்னு சொல்லணுமா? அந்தப் பொம்பளைக்கு நஷ்டஈடு கூட வராதேய்யா!"

"அய்யா சொல்லிட்டாரு சார்." லைன் கட்!

அன்பழகன் சுவரில் சாய்ந்தார். சீலை எடுக்கச் சொன்னதும் இதே குரல், இதே மூன்று வார்த்தைகள். இத்தனை வருஷமாக அந்த வார்த்தைகளுக்கு அவர் எதிர்க்கேள்வி கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் பென்ஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கலீலுல்லா அருகே வந்தார். "என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? ஸ்டேட்மெண்ட் எப்ப தர்றீங்க?"

"தர்றேன். அதுக்கு முன்னாடி மினிஸ்டர் வீட்டுக்கு வர்றீங்களா? தனியா போனா பயந்துடுவேன்."

முதலியார்பேட்டை. அமைச்சர் வீடு. சாமிக்கண்ணு ஹாலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா போலீசோட வந்திருக்க?"

"அய்யா... பக்கிரிய திருடன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க சீலை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். அதுவே தப்பு. இது மகாபாவம்!"

அமைச்சரின் கை தட்டிலேயே நின்றது.

"நானா? சீலை எடுக்கச் சொன்னேனா? எப்பய்யா?"

பழுத்த அரசியல்வாதி! எப்படி நடிக்கிறார் பார் என்று அன்பழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செல்வகுமார் போன் பண்ணி 'அய்யா சொன்னாரு'ன்னு..."

"அந்தக் கம்பெனிய மூடச் சொல்லி ஊர்வலம் போனவனே நாந்தான்யா! நான் ஏன் தொறக்கச் சொல்லப் போறேன்?"

கலீலுல்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். "செல்வகுமார் இப்ப எங்கய்யா?"

"சட்டசபை ஆபீஸ்ல."

"அன்பழகன் சார், அவருக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மணி அடித்தது.

"செல்வகுமார்... அய்யாகிட்ட மறுபடியும் ஒரு தடவ கேளுங்களேன். மனசு கேக்கல."

"கேக்கவே வேணாம் சார்!" ஸ்பீக்கரில் உற்சாகமாக வந்தது குரல். "அய்யா இதோ, பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு!"

சாமிக்கண்ணு வாயைப் பிளந்தார்!

"என்ன சொல்றாரு?"

"செம கோவத்துல இருக்காரு சார். கையெழுத்துப் போடலன்னா ஒங்கள சும்மா வுட மாட்டேங்கறாரு. இப்ப என்னைப் பாத்துத் தலையாட்டறாரு பாருங்க!"

கலீலுல்லா போனை வாங்கி அணைத்தார். வாசலில் நின்ற சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் விஷயம் புரிந்து, செல்வகுமாரைப் பிடிக்க ஜீப்புக்கு ஓடினார்.

"படுபாவி!" அமைச்சர் கத்தினார். "கம்பெனிக்காரன்கிட்ட காச வாங்கிட்டு என் பேர்ல ஆட்டம் போட்டிருக்கான்! ஏன்யா அன்பழகன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"போன வருஷம் ஒரு ஆபீசர் கேட்டாருய்யா. 'இது நீங்க சொன்னதுதானா'ன்னு நேரா வந்து கேட்டாரு. மறுநாளே அவர ஆந்திரா பக்கம் ஏனாமுக்கு மாத்திட்டீங்க. அதுவும் செல்வகுமார் வேலையா?"

சாமிக்கண்ணு இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இல்ல. அது நான் சொன்னதுதான்."

"அதுக்கப்புறம் யாரும் கேக்கல. நானும் கேக்கல. ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா பக்கிரி இன்னிக்கு வீட்ல இருந்திருப்பான்." அன்பழகன் கலீலுல்லா பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர், எழுதிக்கங்க. அவன் திருடன் இல்ல. சீலை எடுத்தது நான். ஆபத்துன்னு தெரிஞ்சே எடுத்தேன். செல்வகுமார் மட்டும் இல்ல, நானும் குத்தவாளிதான்."

"வேல போயிடும் சார்."

"போவட்டும். அந்தப் பொம்பளைகிட்ட தொறந்து விட்ட ஆபீசர் நாந்தான்னு முதல்ல சொல்லணும். அங்க போயிட்டு ஸ்டேஷனுக்குப் போலாம்."

சொல்லிவிட்டு அன்பழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல வருஷங்களில் அவராக எடுத்த முதல் முடிவு அது!

அமைச்சர் அவசரமாக எழுந்து வந்து இன்ஸ்பெக்டரின் தோளில் கை போட்டார்.

"கலீலுல்லா... நடந்தது நடந்துபோச்சு. ஆனா கேஸ்ல எங்கயும் என் பேரு வரக்கூடாது. சொல்லிட்டேன்!"

கலீலுல்லா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். தொப்பியைச் சரி செய்துகொண்டு பணிவாகச் சிரித்தார்.

"அத அப்டியே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கய்யா... பாண்டியில இனிமே நீங்க வாயால சொன்னா எவன் நம்புவான்?"